சார்ஜிங் பைப்பில் மூன்று ஒட்டு

போன மாதம் என் மகள் வீட்டு வாஷிங் மெஷின் நின்றுபோய், கம்பெனியிலிருந்து ஒரு மெக்கானிக் வந்தார். பையைக் கீழே வைப்பதற்கு முன்பே, "சார், உங்க போனுக்கு ஒரு நம்பர் வந்திருக்கும், சொல்லுங்க" என்றார். அது எதற்கு என்று கேட்டேன். வேலை முடிந்தது, குறை தீர்ந்தது என்று கம்பெனிக்குத் தெரிவிக்கிற நம்பராம்.

"இன்னும் மெஷின் மூடியையே தொறக்கலையேப்பா?"

"நேரமாச்சுன்னா எனக்குப் பாயிண்ட் கொறைப்பாங்க சார். நீங்க சொல்லுங்க, நான் பாத்துட்டுத்தான் போவேன்."

நான் சொல்லவில்லை. அவர் முகம் சுருங்கிவிட்டது. சமையல் அறையிலிருந்து என் மகள், "அப்பாவுக்கு ஊர்ல ஒருத்தர் மேலயும் நம்பிக்கை கெடையாது, நீங்க தப்பா நெனைக்காதீங்கண்ணா" என்று அவரைச் சமாதானம் செய்தாள். வேலை முடிந்து, இரண்டு தடவை துணி போட்டு ஓடவிட்டுப் பார்த்த பிறகுதான் நம்பரைச் சொன்னேன். டீ குடிக்கும்போது அவர், "நீங்களும் இதே லைன்தானே சார்? இல்லாட்டி இவ்ளோ சந்தேகம் வராது" என்றார். ஆமாம் என்றேன். என் கதையில் ஒன்றைச் சொன்னேன். எழுதிக் கொடுங்கள், எங்கள் ஆட்கள் படிக்கட்டும் என்று கேட்டார். ஒன்பதாம் வகுப்போடு பள்ளியை விட்டவன் நான். பிழை இருந்தால் பொறுத்துக்கொள்ள வேண்டும்.

பயம் எனக்குப் பிறந்தபோதே வந்தது. சந்தேகம் வேலையில் கற்றது. தாம்பரத்தில் ஒரு பட்டறையில் மூன்று வருடம் காஸ் வெல்டிங் பிடித்தேன். பிறகு ஒரு ஃபிரிட்ஜ் கம்பெனியின் சர்வீஸ் சென்டர் குரோம்பேட்டையில் திறந்தபோது அங்கே சேர்ந்தேன். அது எண்பதுகளின் தொடக்கம். அப்போதெல்லாம் ஒரு தெருவுக்கு ஒரு ஃபிரிட்ஜ் இருந்தால் பெரிய விஷயம். பிறகு ஜி.எஸ்.டி. ரோட்டின் இரண்டு பக்கமும் நிலமெல்லாம் மனையாகி, வீடாகி, பத்து வருடத்துக்குள் எங்களால் சமாளிக்க முடியாத அளவுக்குப் பெட்டிகள் வந்து சேர்ந்தன.

எங்கள் சர்வீஸ் இன்சார்ஜ் நாகராஜன் சார். அவரைப் பற்றிக் கொஞ்சம் நிதானமாகச் சொல்ல வேண்டும். அவர் குரலை உயர்த்தி நான் கேட்டதில்லை. தன்னைவிட மூத்தவரையும் "தம்பி" என்பார். ஃபிளாஸ்கில் வெந்நீர் வைத்துக்கொண்டு மணிக்கொரு தடவை இரண்டு மடக்குக் குடிப்பார். மேஜையில் கண்ணாடி போட்டிருந்தது. அதன் மேல் ஒரு தூசி இருந்தாலும் கைக்குட்டையால் துடைத்துவிட்டுத்தான் பேச்சைத் தொடங்குவார்.

வேலை முடிந்ததும் ஜாப் கார்டு எழுத வேண்டும். மூன்று பிரதி, நடுவில் கார்பன். வெள்ளை கம்பெனிக்கு, பிங்க் எங்கள் ஃபைலுக்கு, மஞ்சள் வாடிக்கையாளருக்கு. கார்டு எழுதுகிற நேரத்தில் நாகராஜன் சார் தன் சட்டைப்பைப் பேனாவின் மூடியைக் கழற்றி, கார்டின் மேல் வைத்து, கார்டை என் பக்கமாகத் திருப்புவார்.

"என்ன எழுதலாம் தம்பி?"

முதல் தடவை நான் வெகுளியாக, "ஃபிரீசர்ல காஸ் லீக் சார். ஃபிரீசர மாத்தணும்" என்றேன்.

"ம்" என்றார். என்னையே பார்த்துக்கொண்டிருந்தார்.

"இல்ல சார், இப்போதைக்குக் காஸ் ஏத்தினா ஒரு வருஷம் ஓடும்."

"ம். வேற?"

"ஜெனரல் சர்வீஸ்னு போட்டுக்கலாமா சார்?"

"உனக்கு அப்படித் தோணினா எழுது" என்று சொல்லி வெந்நீர் குடித்தார்.

அவ்வளவுதான். பன்னிரண்டு வருடத்தில் பொய் எழுது என்று அவர் ஒரு நாளும் சொன்னதில்லை. இதை எந்தக் கோர்ட்டிலும் சத்தியம் செய்வேன். கேட்டது அவர், சொன்னது நான். பேனா அவருடையது, கையெழுத்து என்னுடையது.

விஷயம் இதுதான். எங்கள் கேரண்டி கார்டில் முதல் வருடம் முழுப் பெட்டிக்கும் பொறுப்பு, அடுத்த நான்கு வருடம் கம்ப்ரசருக்கும், ஃபிரீசர் உட்படக் குளிர் காஸ் ஓடுகிற குழாய்களுக்கும் பொறுப்பு என்று அச்சடித்திருந்தது. அந்த ஐந்து வருடத்துக்குள் ஃபிரீசரில் லீக் என்றால் கம்பெனி இலவசமாகப் புது ஃபிரீசர் போட வேண்டும். ஒவ்வொன்றுக்கும் தலைமை அலுவலகத்திலிருந்து கேள்வி வரும். லீக்கை அடைக்காமல் காஸ் மட்டும் ஏற்றினால் கேள்வி கிடையாது. பெட்டி குளிரும். வாடிக்கையாளர் சந்தோஷமாகப் போவார். பத்துப் பன்னிரண்டு மாதத்தில் காஸ் இறங்கும். மறுபடி ஏற்றலாம். இப்படியே ஐந்து வருடம் ஓட்டிவிட்டால் பிறகு அது அவர்கள் பாடு. குறைந்த காஸில் நிற்காமல் ஓடி ஓடி, கம்ப்ரசர் சூடேறி ஒரு நாள் எரிந்துபோகும். பெரும்பாலும் அது ஆறாவது வருடமாக இருக்கும்.

வாடிக்கையாளர்கள் எல்லாம் உத்தமர்கள் என்று சொல்லவில்லை. வண்டலூரில் ஒருவர் ஃபிரீசரில் கட்டிய ஐஸை ஸ்க்ரூடிரைவரால் குத்தி ஓட்டை போட்டுவிட்டு, "தானா வெடிச்சுது" என்று சத்தியம் செய்தார். ஓட்டைக்குப் பக்கத்தில் இன்னும் நான்கு குத்து தெரிந்தது. "இதுவும் தானா வெடிக்கப் பாத்துதா சார்?" என்று கேட்டேன். அதற்குப் பிறகு யார் எதைச் சொன்னாலும் பெட்டியின் பின்பக்கத்தைப் பார்க்காமல் நான் நம்புவதில்லை.

காஸ் ஏற்றுவதை வாடிக்கையாளர் வீட்டில் செய்யக் கூடாது, பெட்டியை ஒர்க் ஷாப்புக்குக் கொண்டுவர வேண்டும் என்று எங்கள் சென்டரில் ஒரு விதி. வீட்டுக்குள் நெருப்பு வேண்டாம் என்று காரணம் சொன்னார்கள். அது நியாயமான காரணம்தான். ஆனால் என்ன செய்கிறோம் என்று யாரும் பார்க்க முடியாது என்பதும் அதில் இருந்தது.

கம்ப்ரசரிலிருந்து சுண்டுவிரல் கனத்துக்கும் குறைவாக ஒரு செம்புக் குழாய் நீட்டிக்கொண்டிருக்கும். சார்ஜிங் பைப் என்போம். காஸ் ஏற்ற வேண்டுமென்றால், நசுக்கி அடைத்த அதன் நுனியை வெட்டி, ஒரு சின்ன செம்புத் துண்டைப் பற்றவைத்து, வேக்கம் பம்ப்பை மாட்டி, உள்ளே இருக்கும் காற்றையும் ஈரத்தையும் அரை மணி நேரம் உறிஞ்ச வேண்டும். பிறகு காஸ், பிறகு நுனியை நசுக்கிப் பற்றவைத்து அடைப்பு. ஒவ்வொரு தடவைக்கும் பைப்பில் ஒரு ஒட்டு கூடும். மரத்தில் கணு விழுகிற மாதிரி இருக்கும்.

எங்கள் மெக்கானிக்குகளுக்குள் ஒரு வழக்கமும் உண்டு. ஒட்டுக்குப் பக்கத்தில் அரத்தின் முனையால் மாதமும் வருடமும் கீறி வைப்போம். அடுத்து எவன் கைக்கு வந்தாலும், போன காஸ் எத்தனை மாதம் தாங்கியது என்று தெரிய வேண்டும் அல்லவா? கார்டில் எழுதாததை அங்கே எழுதினோம். என் கை என்று தெரிய, நான் வருடத்துக்குப் பின்னால் ஒரு பெருக்கல் குறியும் போடுவேன்.

இனி விஜயாவின் பெட்டி.

அது தொண்ணூற்று ஐந்து, மாசி மாதம். ஒயர் கூடையோடு ஒரு பெண் கவுண்டருக்கு வந்தாள். இருபத்தெட்டு வயது இருக்கும். கூடையிலிருந்து ஒரு பாலிதீன் கவரை எடுத்து, அதிலிருந்து பில், கேரண்டி கார்டு, மூன்று மஞ்சள் ஜாப் கார்டு எல்லாவற்றையும் நாகராஜன் சார் மேஜைக் கண்ணாடியின் மேல் வரிசையாக வைத்தாள். பிளைவுட் தடுப்புக்கு இந்தப் பக்கம் நான் உட்கார்ந்திருந்தேன். மஞ்சள் கார்டில் இருந்தது என் கையெழுத்து என்று அங்கிருந்தே தெரிந்தது.

"தீபாவளியோட ஃபிரிட்ஜ் நின்னுடுச்சு சார். கேரண்டி அதுக்கு முன்னாடி ஆவணியிலயே முடிஞ்சிருச்சு. அது தெரியும். எனக்கு வேற ஒண்ணு வேணும்."

"சொல்லும்மா."

"இது புதுப் பெட்டின்னு எழுதிக் குடுங்க."

நாகராஜன் சார் சிரித்தார். "அதுக்குத்தான் பில் இருக்கேம்மா."

"பில்ல அவங்க நம்பல சார்."

பிறகு அவள் சொன்னதைச் சுருக்கித் தருகிறேன். அவள் அப்பா ஏகாம்பரம், அஸ்தினாபுரத்துக்காரர். பயிர் வைத்துக்கொண்டிருந்தவர். இருந்த நிலத்தில் ஒரு பகுதியை மனைக்காரர்களுக்கு விற்று மகள் கல்யாணத்தை நடத்தினார். சீரோடு ஃபிரிட்ஜும் வாங்கிக் கீழ்க்கட்டளைக்கு அனுப்பினார். அந்தத் தெருவுக்கே அதுதான் முதல் ஃபிரிட்ஜ். இப்போது பெட்டி நின்றதும், மாமியார் கன்னியம்மா பக்கத்து மெக்கானிக்கைக் கூப்பிட்டிருக்கிறார். அவர் பெட்டியைத் திருப்பிப் போட்டு, பைப்பில் இருந்த மூன்று ஒட்டைக் காட்டியிருக்கிறார். "கம்பெனிக்காரன் காஸ் ஏத்தியிருந்தா கார்டுல போட்டிருப்பான். மூணு கார்டுலயும் வெறும் சர்வீஸ்னுதான் கீது. அப்ப இந்த ஒட்டெல்லாம் வூட்டுக்கு வர்றதுக்கு முன்னாடியே வெச்சது. எவனோ ஓட்டிப் போட்ட பொட்டிக்குப் பெயிண்ட் அடிச்சு வித்துக்கிறானுங்க" என்று சொல்லிவிட்டார்.

யோசித்துப் பார்த்தால் அவர் சொன்னதில் தப்பே இல்லை. எங்கள் கார்டை உண்மை என்று நம்பினால் வேறு எந்த முடிவுக்கும் வர முடியாது.

"பொங்கலுக்கு எங்கப்பா கரும்பு, பானை எல்லாம் எடுத்துக்கினு வந்தாரு சார். வாசல்லயே எங்க அத்தை, 'வாய்யா செகண்ட் ஹேண்டு சம்பந்தி'ன்னு கூப்பிட்டாங்க. தெருவே பாத்துச்சு. அப்படியே எறக்கி வெச்சுட்டுத் திரும்பிப் போனவருதான். இன்னும் வரல. நான் போயிக் கூப்பிட்டாலும் வரமாட்டேங்கறாரு. எனக்கு ஃபிரிட்ஜே வேணாம் சார். அவரு அந்தப் படி ஏறணும். அதுக்கு ஒரு காயிதம் குடுங்க."

நாகராஜன் சார் மூக்குக் கண்ணாடியைக் கழற்றித் துடைத்தார். "தம்பி, இங்க வா."

போனேன்.

"இந்த மெஷினுக்கு நாம காஸ் ஏத்தியிருக்கோமா? கார்டைப் பாத்துச் சொல்லு."

மூன்று கார்டையும் என் பக்கம் திருப்பினார். விஜயா என்னைப் பார்த்தாள்.

"கார்டுல இல்ல சார்" என்றேன்.

அது பொய்யான பதில் இல்லை. என் வாழ்க்கையில் நான் சொன்ன மோசமான பதில் அதுதான்.

அவள் கார்டுகளை ஒவ்வொன்றாக எடுத்துக் கவருக்குள் வைத்துக்கொண்டு போய்விட்டாள். அன்று முழுதும் எனக்கு நானே சமாதானம் சொன்னேன். ஏகாம்பரம் என்ன யோக்கியரோ, கடைக்காரன் உண்மையிலேயே பழைய பெட்டியைத் தள்ளிவிட்டானோ என்றெல்லாம் நினைத்தேன். ஆனால் அந்த மூன்று ஒட்டும் என் கையால் வைத்தவை என்பது எனக்குத் தெரியும்.

சித்திரையில் செங்கல்பட்டு நுகர்வோர் மன்றத்திலிருந்து நோட்டீஸ் வந்தது. ஏகாம்பரம் பெயரில் மனு. விஜயா அலைந்து திரிந்து ஒரு நுகர்வோர் சங்கத்துக்காரரைப் பிடித்து எழுதி வாங்கியிருந்தாள். கம்பெனி வக்கீல் பதில் தயார் செய்தார்: கேரண்டி முடிந்துவிட்டது, பைப்பில் வெளியார் யாரோ கை வைத்திருக்கிறார்கள், எங்களுக்குப் பொறுப்பில்லை. அதற்கு மெக்கானிக்கின் பிரமாணப் பத்திரம் வேண்டுமாம். டைப் செய்த தாளை நாகராஜன் சார் என் பக்கம் திருப்பினார். பேனா மூடி கழன்றிருந்தது.

"நான் இந்தப் பெட்டிக்குக் காஸ் ஏத்தலன்னு இதுல இருக்கே சார்."

"உனக்கு என்ன ஞாபகமோ அதைச் சொல்லு தம்பி."

"ஏத்தின மாதிரி ஞாபகம் சார்."

"எத்தனை பெட்டி பாக்கற, எல்லாம் ஞாபகம் இருக்குமா? கார்டுல இருக்கறதுதான் உன் ஞாபகம்."

நாளைக்குக் கையெழுத்துப் போடுகிறேன் என்று தப்பித்து வந்தேன். வரும் வழியெல்லாம் ஒரே கணக்கு. மூன்று கார்டில் என் கையெழுத்து. நாலாவதாக இந்தத் தாளிலும் என் கையெழுத்து. நாகராஜன் சார் எழுதிய ஒரு எழுத்துகூட எதிலும் இல்லை. நாளைக்கு உண்மை வெளியே வந்தால் யார் மாட்டுவார்கள்? என் பக்கம் திருப்பப்பட்ட கார்டுகள் அத்தனையும் ஒன்றாகக் கண் முன்னால் வந்தன. பன்னிரண்டு வருடமாக அவர் கார்டைத் திருப்பியதற்கு அர்த்தம் அன்றைக்குத்தான் புரிந்தது.

மறுநாள் தாளைப் பற்றி அவர் பேசவே இல்லை. அதுவே எனக்குச் சந்தேகம். "தம்பி, வேன எடுத்துக்கினு கீழ்க்கட்டளை போ. பாவம், அந்தப் பொண்ணு. நல்லெண்ணமா நாமே புதுக் கம்ப்ரசர் போட்டுக் குடுத்துடலாம். இலவசம்னு சொல்லு" என்றார்.

கேரண்டி முடிந்த பெட்டிக்கு இலவசக் கம்ப்ரசர் போட்டதை அந்த சென்டரில் நான் பார்த்ததே இல்லை. ஸ்டோரில் கேட்டேன். புதுக் கம்ப்ரசர் எடுத்து வைத்திருந்தார்கள், புது சார்ஜிங் பைப்போடு. பழையது என்ன ஆகும் என்று கேட்டேன். "ஸ்கிராப். இன்னிக்கே போயிடும்" என்றார்கள். மூன்று ஒட்டும் இன்றைக்கே போய்விடும். பெட்டியும் ஓடும், மனுவும் முடியும். ஏகாம்பரம் பழைய பெட்டி கொடுத்தவர் என்பது மட்டும் அப்படியே நிற்கும்.

கீழ்க்கட்டளையில் வீட்டு முன்னறையில் கன்னியம்மா கருவாடு கிள்ளிக்கொண்டிருந்தார். அறுபது வயது, கனத்த உடம்பு, காதில் கல் வைத்த தோடு. விஜயா என்னைப் பார்த்ததும் ஃபிரிட்ஜுக்கு முன்னால் வந்து நின்றாள்.

"கம்பெனியிலேர்ந்து வந்துக்கிறேம்மா. இலவசமா கம்ப்ரசர் மாத்தித் தர்றாங்க. பெட்டிய எடுத்துட்டு வரச் சொன்னாங்க."

"பொட்டி எங்கயும் போவாது" என்றாள் விஜயா.

"சும்மா தர்றான்றான், இன்னாடி மொறைக்கற?" என்றார் கன்னியம்மா. "ஓசியில வந்த பொட்டிக்கு ஓசியில ரிப்பேரு. குடுத்தனுப்பு."

விஜயாவின் கண் சிவந்தது. ஆனால் நகரவில்லை. வெளியே வேன்காரர் ஹாரன் அடித்தார்.

"குடுக்காதீங்கம்மா" என்றேன். என் வாயிலிருந்துதான் வந்தது. "இந்தப் பெட்டி வெளிய போனா, ஒங்கப்பா புதுசு குடுத்தாருன்றதுக்கு ஒரு சாட்சி இருக்காது. அந்த மூணு ஒட்டும் நான் வெச்சது. மூணு தடவை காஸ் ஏத்தினேன். கார்டுல சர்வீஸ்னு எழுதினேன்."

கருவாடு கிள்ளுகிற சத்தம் நின்றது. கன்னியம்மா கையைத் தட்டிக்கொண்டு எழுந்து என் முகத்துக்கு நேராக வந்தார்.

"ஏம்பா, இவங்கப்பன் எவ்ளோ குட்தான் ஒனக்கு?"

"அவரை நான் பாத்ததே இல்லம்மா."

"பாக்காமயே இம்மாம் பாசமா? சரி, எழுதிக் குடு."

அவசர அவசரமாக ஒரு வெற்றுக் கார்டின் பின்னால், இந்தப் பெட்டி புதியது, ஒட்டு மூன்றும் நான் வைத்தவை என்று தமிழில் எழுதிக் கையெழுத்துப் போட்டு நீட்டினேன். அவர் அதை வாங்கவே இல்லை.

"மூணு தபா பொய் எழுதினேன்றே. நாலாவது தபா எழுதறது மட்டும் நெஜம்னு நான் எப்படிப்பா நம்பறது?"

நானாக இருந்தாலும் அதையேதான் கேட்டிருப்பேன். பெட்டியைச் சுவரிலிருந்து இழுத்தேன். டார்ச்சைப் பிடித்துச் சார்ஜிங் பைப்பைத் துணியால் துடைத்தேன்.

"என்னை நம்ப வேணாம்மா. இங்க நம்பர் கீறியிருக்கு. படிக்கச் சொல்லுங்க யாரையாவது."

"ஏன், எனக்குப் படிக்கத் தெரியாதா? எழுத்துதான் தெரியாது. நம்பர் தெரியும். பல்லாவரத்துக்கு எந்த பஸ்ஸு, மேடவாக்கத்துக்கு எந்த பஸ்ஸுன்னு நான் எவனையும் கேட்டதில்ல."

முழங்காலில் கையை ஊன்றிக் குனிந்தார். டார்ச்சைத் தானே வாங்கிக்கொண்டார். முதலில் நகத்தால் ஒரு கீறலைச் சுரண்டினார். விரலை எச்சில் தொட்டுத் தேய்த்தார். முகர்ந்துகூடப் பார்த்தார். கீறலுக்குள் பச்சை படிந்திருந்தது.

"களிம்பு ஏறிக் கீது" என்று தனக்குள் சொல்லிக்கொண்டார். "பித்தளை கொடம் தேய்ச்ச கைப்பா இது. நேத்து கீறினதுன்னா பளபளன்னு இருக்கும்." பிறகு எண்களை மெதுவாகக் கூட்டிப் படித்தார். "தொண்ணூறு. இது தொண்ணூத்தி ரெண்டு. இது தொண்ணூத்தி மூணு."

நிமிராமலே கேட்டார். "ஒனக்குக் கண்ணாலம் என்னிக்குடி ஆச்சு?"

"எம்பத்தொம்பது அத்தை."

"அத்தினியும் இங்க வந்தப்புறம் வெச்சது."

கன்னியம்மா பெட்டியைப் பிடித்துக்கொண்டு எழுந்து, மூச்சு வாங்கிக்கொண்டு என்னைப் பார்த்தார்.

"இன்னாத்துக்குப்பா பொய் எழுதின?"

"பயந்துதான்மா."

"இப்ப?"

"இப்பவும் பயந்துதான் சொல்றேன்."

"நல்ல ஆளுப்பா நீ" என்றார். அது பாராட்டு இல்லை. பிறகு விஜயாவிடம், "ஒங்கப்பனைக் கூப்பிட்டா வருவானா?" என்று கேட்டார்.

"வரமாட்டாரு அத்தை. தெரு பூரா சொல்லி வெச்சுக்கிறீங்க."

"ஆமா, நான்தான் சொன்னேன்" என்றார் கன்னியம்மா. "எனக்குத் தெரிஞ்சா போதாது. நான் போயி ஒவ்வொரு வூடா 'தப்பா சொல்லிட்டேன்'னா, மருமவ சோத்துல எதையோ வெச்சுட்டாம்பாங்க. கோர்ட்டு காயிதம் வரட்டும். யப்பா, நீ அங்க போயி சொல்லு. வூட்டுக்குள்ள வந்து கிசுகிசுன்னு சொல்லிட்டு ஓடிப்போவாத."

வெறும் வேனோடு திரும்பினேன். பெட்டி தர மாட்டேன் என்கிறார்கள் என்று மட்டும் சொன்னேன். நாகராஜன் சார் பேனாவை மூடிச் சட்டைப்பையில் செருகினார். "சரி தம்பி" என்றார். டைப் செய்த தாளை நான் கேட்கவில்லை, அவரும் கொடுக்கவில்லை. விஜயா சொன்னதைக் கேட்டு, சங்கத்துக்காரர் மன்றத்தில் மனு கொடுத்து என்னைச் சாட்சிக்கு அழைக்க வைத்தார்.

செங்கல்பட்டில் அந்த அறை பள்ளிக்கூட வகுப்பறை அளவுதான். மேடையில் தலைவரும் இரண்டு உறுப்பினர்களும். கன்னியம்மா கேட்ட அதே கேள்வியைக் கம்பெனி வக்கீலும் கேட்டார். ஆனால் அவர் கேட்டதில் அந்த அம்மாவின் உறைப்பு இல்லை. என்னை நம்ப வேண்டாம், பைப்பைப் பாருங்கள் என்றேன். தொழிற்பயிற்சி நிலையத்து ஆசிரியர் ஒருவரை அனுப்பிப் பார்க்கச் சொன்னார்கள். ஃபிரீசரின் உள்மடிப்பில் லீக் இருந்ததையும், ஒட்டுகள் பல வருடத்துக்கு முந்தையவை என்பதையும் அவர் எழுதிக் கொடுத்தார். நாகராஜன் சாரையும் கூப்பிட்டார்கள். அவர் மூக்குக் கண்ணாடியைத் துடைத்துக்கொண்டு, "கார்டு எழுதுவது மெக்கானிக்கின் பொறுப்பு. அவர் எழுதியதைத்தான் நான் கம்பெனிக்கு அனுப்பினேன்" என்றார். ஒரு வார்த்தை பொய் இல்லை. நான் பயந்தது பயந்தபடியே நடந்தது. அதில் எனக்கு ஒரு அற்பத் திருப்திகூட வந்தது என்று ஒப்புக்கொள்கிறேன்.

யாரும் என்னை வேலையிலிருந்து நீக்கவில்லை. எனக்கு வேலை தருவதை மட்டும் நிறுத்தினார்கள். ஒர்க் ஷாப்பில் ஒரு ஸ்டூலில் காலையிலிருந்து சாயங்காலம் வரை உட்கார்ந்திருப்பேன். மற்ற மெக்கானிக்குகள் என்னோடு டீ குடிக்க வருவதில்லை. அவர்களும் அதே மாதிரி கார்டு எழுதியவர்கள், என்னைப் பார்த்தால் அவர்களுக்குப் பயம். இரண்டு மாதம் பார்த்துவிட்டு நானே நின்றுவிட்டேன். பழைய பல்லாவரத்தில் ஒரு சந்தில் சின்னதாக இடம் பிடித்து ரிப்பேர் வேலை தொடங்கினேன்.

தீர்ப்பு வந்தது அடுத்த ஆடியில். கேரண்டிக்குள் தோன்றிய குறையைச் சரி செய்யாமல் மறைத்துவிட்டு, கேரண்டி முடிந்தது என்று கம்பெனி கைகழுவ முடியாது, ஃபிரீசரும் கம்ப்ரசரும் புதிதாகப் போட்டுத் தர வேண்டும் என்று உத்தரவு. சங்கத்துக்காரர் எனக்குப் போன் செய்து, இது பெரிய விஷயம், பலருக்கு உதவும் என்று சந்தோஷப்பட்டார்.

இரண்டு நாள் கழித்து விஜயா என் கடைக்கு வந்தாள். உத்தரவின் நகலைக் கையில் வைத்திருந்தாள். நான்கு பக்கம், எல்லாம் இங்கிலீஷ். கடைக்கு வெளியே ஒரு பெரியவர் வெள்ளைச் சட்டையும் வேட்டியுமாக, வாழைப்பழச் சீப்பும் ஒரு ஸ்வீட் டப்பாவும் வைத்த பையோடு நின்றிருந்தார். உள்ளே வரச் சொன்னேன். பரவாயில்லை என்று கையைக் காட்டினார். ஏகாம்பரத்தை நான் முதல் தடவையாகப் பார்த்தது அப்போதுதான்.

"புதுசுன்னு எங்க எழுதியிருக்கு சார்? அந்த எடத்த மட்டும் காட்டுங்க. அத்தை கேக்கறாங்க. தெருவுல இங்கிலீஷ் தெரிஞ்ச டீச்சர் ஒருத்தங்க இருக்காங்க, அவங்கள வெச்சு நாலு பேருக்கு முன்னாடி படிக்கச் சொல்லணுமாம்."

என் இங்கிலீஷ் ஜாப் கார்டு இங்கிலீஷ். ஒவ்வொரு வரியாக விரலை வைத்துக்கொண்டு போனேன். இரண்டாம் பக்கத்தில் லீக். மூன்றாம் பக்கத்தில் கம்பெனியின் குற்றம். நான்காம் பக்கத்தில் உத்தரவு. பெட்டி புதிதா பழையதா என்று அவர்கள் எங்கேயும் விசாரிக்கவே இல்லை. அவர்களுக்கு அது ஒரு கேள்வியே இல்லை. கடைசியில் முதல் பக்கத்திலேயே, இரண்டாவது பாராவில் கிடைத்தது. மனுதாரர் ஏகாம்பரம் சொல்வதாவது, அவர் தம் மகளுக்காகப் புத்தம் புதிய ஃபிரிட்ஜ் ஒன்றை விலைக்கு வாங்கினார்.

அது மன்றம் சொன்னது இல்லை. ஏகாம்பரம் மனுவில் சொன்னதை எடுத்து எழுதியது. எல்லாத் தீர்ப்பிலும் முதலில் அப்படித்தான் எழுதுவார்கள்.

விஜயா என் விரலையே பார்த்துக்கொண்டிருந்தாள். 'சொல்வதாவது' என்ற இடத்தின் மேல் என் கட்டைவிரல் இருந்தது. நான் அதை எடுக்கவில்லை. மீதி வரியை அவளுக்குத் தமிழில் சொன்னேன். அவள் கூடையிலிருந்து பென்சிலை எடுத்து அதன் கீழே கோடு போட்டாள்.

"டீச்சர எங்க ஆரம்பிச்சுப் படிக்கச் சொல்லணும் சார்?"

"கோடு போட்ட எடத்துலேர்ந்து" என்றேன்.

வாசலிலிருந்து ஏகாம்பரம், "நல்லா பாத்துட்டீங்களா தம்பி? எழுதியிருக்கா?" என்று கேட்டார்.

"எழுதியிருக்குங்க."

அவர் பையை மகளிடம் கொடுத்தார். சட்டைப் பையிலிருந்து ஒரு சின்னச் சீப்பை எடுத்து, என் கடைக் கதவுக் கண்ணாடியில் பார்த்துத் தலையை வாரிக்கொண்டார். பிறகு பையைத் திரும்ப வாங்கிக்கொண்டு, கீழ்க்கட்டளை பஸ் நிற்கிற பக்கமாக, மகளுக்கு முன்னால் நடந்தார்.